யன்னலும் வரலாறும்

காலிக் கோட்டையுள் சுவரோடு சுவராக நிற்கும் வீடுகள் பல ஒல்லாந்தர் காலத்து அமைப்பைப் பேணுவன. 1640இல் அவர்கள் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைக் கைப்பற்றினர். 1988இல் கோட்டை உலக மரபுரிமைத் தலமாயிற்று. இத்தகைய வீடொன்றில் உக்கிய மரயன்னலை அகற்றி அலுமினிய யன்னலைப் பொருத்தின் தெருவின் தோற்றமே மாறும். எனவே கட்டுப்பாடு வேண்டற்பாலதே. ஆயின் மரவேலையின் செலவைத் தாங்கவியலாதோர் வீட்டை விற்று வெளியேறுவராயின், கட்டடம் பேணப்படினும் அதன் சமூகம் சிதையும்.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி ஒப்பந்த நாளாகிய 1815 மார்ச் 2ஐத் தொன்மைக்கு எல்லையாக வகுத்தது. முருகைக்கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுந்த ஆள்வோரின் வீடுகள் அவ்வெல்லைக்கு முற்பட்டு நிலைத்தன. நெளுக்குளம் போன்ற வன்னிக் கிராமங்களின் மண்சுவர், ஓலைக்கூரை வீடுகள் அவ்வாறு நிலைப்பனவல்ல. ஆகவே எதைக் காப்பது என்பதுடன், யாருடைய வரலாற்றை, யார் செலவில் காப்பது என்பதும் ஆய்வுக்குரிய வினாவாகும்.