பறக்காத விமானத்துக்குப் பெயிண்ட் அடித்த கதை

பகல் முழுக்க ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல நான் பெயிண்டர் ஆயிடுவேன். சுவருக்கு இல்லீங்க, விமானத்துக்கு. அதுவும் உலகத்துல எங்கயும் பறந்திராத விமானத்துக்கு :-)

ஐஎல்-2 ஸ்டர்மோவிக்னு ஒரு போர் விமான சிமுலேட்டர் இருக்கு. ரஷ்யாவுல ஒலெக் மாடக்ஸ் குழு எழுதினது, 2001-ல வந்துச்சு. அதோட கடைசிப் பெரிய தொகுப்பு 2006-ல வந்த '1946'. பேர்லயே விஷயம் இருக்கு. ஐரோப்பாவுல போர் 1945 மே மாசத்தோட முடியாம அடுத்த வருஷமும் ஓடியிருந்தா எந்தெந்த விமானமெல்லாம் வந்திருக்கும்னு கற்பனை பண்ணி, காகிதத்தோட நின்னுபோன சிலதையும் அதுல பறக்க விட்டிருக்காங்க. பழைய கேம்தான். ஆனா என் பழைய லேப்டாப்புக்கும் பொருந்துது, ஸ்கின் போடறதும் ரொம்ப சுலபம். 1024க்கு 1024 அளவுல ஒரு பிஎம்பி படம், மொத்தம் 256 நிறம், ஒரு ஃபோல்டர்ல போட்டா முடிஞ்சது.

இந்த '1946' வகை ஸ்கின்கள்ல முக்கால்வாசி ஜெர்மன் ஸ்கின்கள். நானும் ஆரம்பத்துல அதைத்தான் போட்டேன். ஹைன்கல் 162-க்கு பச்சையும் ஊதாவும் கலந்த கடைசிக்கால வண்ணம், மூக்குல சிவப்பு அம்பு. பார்க்க ஜோரா இருந்துச்சு. கேமோட வர்ற ஸ்கின்ல வால் பகுதி வெறுமையா இருக்கும், ஸ்வஸ்திகா கிடையாது. 'சரித்திரப்படி' இருக்கணுமேன்னு அதையும் வரைய உட்கார்ந்தேன். நடுவுல, நிஜத்துல இந்த விமானத்தை எங்க செஞ்சாங்கன்னு பார்க்கலாமேன்னு படிச்சா, பூமிக்கு அடியில சுரங்கத்துல, வதைமுகாம் கைதிகளை வெச்சு. அதுக்கப்புறம் தூரிகை ஓடல. போர் இன்னும் ஒரு வருஷம் நீண்டிருந்தாங்கிற கற்பனைக்குள்ள அந்தச் சுரங்கமும் இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்கும்கிறது அடங்கியிருக்கு. நாம பாட்டுக்கு மேல பச்சை அடிச்சிட்டிருக்கோம். அந்த ஃபைலை மூடினேன், திரும்பத் திறக்கல.

ஆனா அதே தொகுப்புல டா 183-னு இன்னொண்ணு இருக்கு. அதுதான் என்னைப் பிடிச்சு இழுத்தது. 'டா' அப்படிங்கிறது கர்ட் டேங்க். ஃபோக்கே-வுல்ஃப் 190-ஐ வடிவமைச்ச ஆள். பின்னால 40 டிகிரி சாய்ஞ்ச இறக்கை, குட்டையான உடம்பு, உயரத்துல தூக்கி வெச்ச வால், மூக்குல பெரிய ஓட்டை. இறக்கை வேலையில பெரும்பங்கு ஹான்ஸ் முல்தாப்போடது. செல்லப் பேரு ஹுக்கெபைன், ஜெர்மன் சித்திரக்கதை ஒண்ணுல வர்ற குறும்புக்காரக் காக்காவோட பேரு. ஒண்ணுகூட செஞ்சு முடிக்கல. 1945 ஏப்ரல்ல பிரிட்டிஷ் படை தொழிற்சாலைக்குள்ள வந்துட்டாங்க.

அப்புறம் டேங்க் என்ன ஆனாருங்கிறது சினிமாக் கதை. 1947-ல வேற பேர்ல, மைக்ரோஃபிலிமோட அர்ஜென்டினா போறார். கோர்டோபா நகரத்துல பெரோன் ஆட்சியில புல்கி 2-ன்னு ஒரு ஜெட். டா 183-ஓட நெருங்கின சொந்தம்னு பார்த்த உடனே தெரியும். எஞ்சின் மட்டும் பிரிட்டிஷ் ரோல்ஸ்-ராய்ஸ் நீன். 1950 ஜூன்ல பறந்துச்சு. 1951-லயும் 1952-லயும் ஆளுக்கு ஒரு விபத்துல மன்னுவால், பெரன்ஸ்னு ரெண்டு விமானிகள் செத்தாங்க. மொத்தமே அஞ்சுதான் செஞ்சாங்க. 1955-ல பெரோன் கவிழ்ந்தார், டேங்க் அடுத்த வேலை தேடினார். 1956-ல தன் குழுவோட வந்து இறங்கின இடம், நம்ம பெங்களூரு! எச்ஏஎல்-ல உட்கார்ந்து அவர் வடிவமைச்சதுதான் எச்எஃப்-24 மாருத். கஸ்தூர்பா ரோட்டுல விஸ்வேஸ்வரய்யா மியூசியம் வெளிய ஒண்ணு நிக்குது. எத்தனை பேர் அது முன்னாடி நின்னு போட்டோ எடுத்திருப்போம்.

ஒரு நிமிஷம் பேரைக் கவனிங்க. ஹுக்கெபைன் காக்கா. புல்கின்னா அங்கத்தைய பூர்வகுடி மொழியில அம்பு. மாருத், காற்று. ஒரே ஆள், மூணு கண்டம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். என் கேள்வி இதுதான்: 1947-ல டேங்க் கோர்டோபாவுக்குப் போகாம நேரா பெங்களூரு வந்திருந்தா? 1949-ல இந்திய விமானப்படையோட டா 183 எப்படி இருந்திருக்கும்?

பெயிண்ட் அடிக்க ஆரம்பிச்சாத்தான் சரித்திரம் கழுத்தைப் பிடிக்கும். முதல் சிக்கல் இறக்கையில வர்ற வட்டச் சின்னம். இப்ப இருக்கிற காவி, வெள்ளை, பச்சை வட்டத்தைப் போட்டா தப்பு, அது 1950 ஜனவரி 26-ல இருந்துதான். போர்க்காலத்துல இந்தப் பக்கம் பறந்த விமானங்கள்ல நடுவுல இருந்த சிவப்பையே எடுத்திருந்தாங்க, ஜப்பான் சின்னம்னு நினைச்சு நம்ம ஆளே சுட்டுடக் கூடாதுன்னு. ரெண்டு நீலம் மட்டும். இதுக்கும் குடியரசுக்கும் நடுவுல, கொஞ்ச காலம், அசோகச் சக்கரம் சின்னமா இருந்துச்சு. வெள்ளை மேல நீலச் சக்கரம். அப்பவும் படையோட பேர்ல 'ராயல்' ஒட்டிக்கிட்டு இருக்கு! இங்கிலாந்து ராஜாவோட படை, இறக்கையில அசோகரோட சக்கரம். ஆல்டர்நேட் ஹிஸ்டரி எழுதுறவன் கூட இப்படி யோசிக்க மாட்டான்.

அப்ப 1949-னா சக்கரம்தான். ஆனா 24 ஆரத்தை 1024 படத்துல ஒரு சின்ன வட்டத்துக்குள்ள வரைஞ்சு பாருங்க, மை கொட்டின மாதிரி வரும். அதோட 256 நிறத்துக்குச் சுருக்கும்போது, படம் பூரா வெள்ளிச் சாயல் இருக்கிறதால மென்பொருள் எல்லா இடத்தையும் சாம்பல் நிறங்களுக்கே கொடுத்துட்டு நீலத்தைச் சாகடிச்சுடும். கடைசியில நீலத்துக்குன்னு பத்து இடத்தை முன்கூட்டியே ரிசர்வ் பண்ணி வெச்சுட்டுத்தான் சுருக்கினேன். ரயில்வே கோட்டா மாதிரி.

உடம்பு நிறம்? 1947-48 காஷ்மீர் சண்டையில பறந்த டெம்பஸ்ட்கள் பச்சை-சாம்பல். 1948-ல வந்த முதல் ஜெட், வேம்பயர். ஜெட்டுங்கிறதால அந்த வழியைப் பிடிச்சு வெள்ளி. படைப்பிரிவு 7, டெம்பஸ்ட்ல இருந்து வேம்பயருக்கு மாறினவங்க அவங்கதான். வரிசை எண் டெம்பஸ்டுக்கு எச்ஏ, வேம்பயருக்கு எச்பி, அதனால நம்மளுக்கு எச்சி. (சத்தமா படிக்காதீங்க.) எரிபொருள் மூடி மேல இருந்த ஜெர்மன் எச்சரிக்கை வாசகங்களை அழிச்சு இங்கிலீஷ்ல எழுதினேன். காக்பிட்டுக்குக் கீழ விமானி பேரு எழுதற இடத்துல, சுரஞ்சன் தாஸ்.

அந்தப் பேரு எனக்கு எப்படித் தெரியும்? முதல்ல பஸ் ரூட்டா. ஓல்டு மெட்ராஸ் ரோட்டையும் பழைய ஏர்போர்ட் ரோட்டையும் சேர்க்கிற சாலைக்குப் பேரு சுரஞ்சன் தாஸ் ரோடு. மூணு வருஷம் அதுல டிராஃபிக்ல நின்னிருக்கேன், யாரோ அரசியல்வாதின்னு நினைச்சுட்டு. அவர் மாருத்தோட சோதனை விமானி. 1959-ல மரத்துல செஞ்ச கிளைடர் மாதிரியை டகோட்டா இழுத்துட்டுப் போக, மேல போய் கயிறை விட்டு இறக்கினவர். 1961 ஜூன் 17-ல நிஜ மாருத்தை முதன்முதலா ஓட்டினவர்.

ஸ்கின் முடிஞ்சதும் யார்கிட்டயாவது காட்டணுமே. எங்க வீட்டு ஓனர் தமிழ்க்காரர்தான், அல்சூர்ல பிறந்து வளர்ந்தவர், எழுபத்தஞ்சு தாண்டிடுச்சு. 1967-ல எச்ஏஎல்-ல அப்ரண்டிஸா சேர்ந்து எஞ்சின் பக்கம் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். வாடகை கொடுக்கப் போனப்ப லேப்டாப்பையும் தூக்கிட்டுப் போனேன்.

கண்ணாடியைப் போட்டுட்டு ரொம்ப நேரம் பார்த்தார். சக்கரத்தைப் பாராட்டுவார்னு எதிர்பார்த்தேன். "எஞ்சின் எதுப்பா?"ன்னார்.

நான் தயாரா இருந்தேன். இதுக்காக வெச்சிருந்த ஜெர்மன் எஞ்சின் சோதனை நிலையைத் தாண்டல. அதனால பிரிட்டன்கிட்ட நீன் வாங்கறோம். அர்ஜென்டினாவுக்கு வித்தாங்க, ரஷ்யாவுக்கே வித்தாங்க, நமக்குப் போர்க்காலக் கடனே பாக்கி வெச்சிருந்தாங்க, கொடுக்காம இருப்பாங்களா? நல்ல லாஜிக்தானே?

"நீன் சென்ட்ரிஃப்யூகல். வேம்பயர்ல காப்ளின் பார்த்திருக்கேன், அதே ஜாதி. காத்தை வெளிப்பக்கம் சுத்தி அடிக்கிறதால எஞ்சின் பானை மாதிரி அகலமா இருக்கும். இந்த உடம்புல போகாது தம்பி."

வந்து தேடிப் பார்த்தேன். நீனோட விட்டம் 126 சென்டிமீட்டர் கிட்ட. புல்கி 2 ஏன் டா 183-ஐ விட அத்தனை கொழுகொழுன்னு இருக்குன்னு அப்பத்தான் உறைச்சுது. டேங்க் கோர்டோபாவுல சும்மா பழைய படத்தை விரிக்கல, எஞ்சினுக்காக உடம்பையே திரும்ப வரைஞ்சிருக்கார். நான் இத்தனை ராத்திரி உட்கார்ந்து சரியான வருஷத்துச் சக்கரத்தைத் தேடித் தேடிப் போட்டது, பறக்கவே முடியாத ஓட்டு மேல.

அப்புறம் அவர் மாருத் பத்திப் பேச ஆரம்பிச்சார், நான் குறுக்கிடல. அதுக்கும் இதே கதைதான். டேங்க் அதை ஒலியைப் போல ரெண்டு மடங்கு வேகத்துக்குன்னு வரைஞ்சார். நினைச்ச எஞ்சின் ஆர்ஃபியஸ் 12, ஆஃப்டர்பர்னரோட 8,000 பவுண்டுக்கு மேல உந்துவிசை. அதை உருவாக்கி முடிக்கப் பிரிட்டிஷ் கம்பெனி பணம் கேட்டுச்சு, டெல்லி கொடுக்கல. கிடைச்சது ஆர்ஃபியஸ் 703, 4,850 பவுண்டு, ஆஃப்டர்பர்னர் கிடையாது. அப்புறம் எகிப்துல பிராண்ட்னர்ங்கிற ஆஸ்திரியக்காரர் செஞ்ச இ-300 எஞ்சினை நம்பினாங்க. ஒரு மாருத் அங்கயே போய் 1967 மார்ச்ல அதோட பறந்துச்சு. அதே ஜூன்ல அங்க போர், 1969-ல திட்டமே காலி. கடைசி வரைக்கும் ஒலி வேகத்தைத் தொட்டும் தொடாமயும்தான் மாருத் ஓடிச்சு. மொத்தம் 147 செஞ்சாங்க. 1971 போர்ல ராஜஸ்தான் பக்கம் தரைத் தாக்குதல்ல நல்லாவே உழைச்சது. வானத்துல எதிரி விமானத்தால ஒண்ணுகூட விழலைங்கிறது அவருக்கு இன்னைக்கும் பெருமை. 1990-க்குள்ள எல்லாம் ஓய்வு.

"உடம்பு தங்கம்பா. நெஞ்சு மட்டும் வேற எவனோட நெஞ்சோ"ன்னார். எஞ்சின்காரர் இதைச் சொல்றார்னா எவ்வளவு கஷ்டம் இருக்கணும்.

எனக்கு ஒரு வாதம் இருந்துச்சு, அவர்கிட்ட சொல்லல. 1947-ல வந்திருந்தா டேங்குக்கு இங்க என்ன இருந்திருக்கும்? 1948-ல எச்ஏஎல் பண்ணிட்டிருந்தது, கான்பூர்ல கழிச்சுப் போட்டுட்டுப் போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைத் தட்டிச் சரி பண்ணிப் பறக்க வைக்கிறது. வேண்டும்னே உடைச்சுப் போட்டதை எடுத்து ஓட வெச்சாங்க, 1968 வரைக்கும் அது படையில இருந்துச்சு. அது சாதாரண சாதனை இல்ல. ஆனா காட்கே வடிவமைச்ச எச்டி-2 பயிற்சி விமானமே 1951-லதான் பறந்துச்சு. புரொப்பெல்லர் வெச்சது. அப்ப 1949-ல பின்சாய்ஞ்ச இறக்கை ஜெட்? என் கற்பனையை நானே நம்பல.

கிளம்பும்போது திரையைத் திரும்பப் பார்த்தார். காக்பிட்டுக்குக் கீழ பெரிசாக்கிக் காட்டச் சொன்னார். பேரைப் படிச்சார்.

"இதை எடுத்துடு தம்பி."

ஏன்னு கேட்கல, அவரே சொன்னார். 1970 ஜனவரி 10. ஆர்ஃபியஸுக்கே ஆஃப்டர்பர்னர் மாட்டி, அந்த எஞ்சின் குறையைச் சரி பண்ணப் பார்த்த சோதனை மாருத். பெங்களூருல கிளம்பும்போதே விழுந்துச்சு. உள்ள சுரஞ்சன் தாஸ். "சேர்ந்து மூணு வருஷம் எனக்கு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோறு எறங்கல. நிஜமா பறந்த ஆள்ப்பா அவர். இல்லாத வண்டியில எதுக்கு ஏத்துற?"

அது விபத்து தெரிஞ்சும் நான் எழுதின பேர்தான். மரியாதைன்னு நினைச்சுத்தான் எழுதினேன். எனக்கு அது ஃபைல்ல ஒரு லேயர். அவருக்கு ஒரு சனிக்கிழமை.

அன்னைக்கு ராத்திரியே அந்த லேயரை அழிச்சேன். பேர் இருந்த இடத்துல வெள்ளி நிறம் கொஞ்சம் புதுசா, பளிச்சுன்னு தனியாத் தெரிஞ்சுது. பக்கத்துல இருந்த அழுக்கை எடுத்து மேல தடவிச் சமன் பண்ண அரை மணி நேரம் ஆச்சு. சக்கரத்தை விட்டுவெச்சிருக்கேன். இப்ப 1971 மாருத்துக்கு, அப்ப இருந்த நிறத்துலயே, கற்பனை எதுவும் கலக்காம ஒண்ணு வரையலாம்னு பார்க்கிறேன். இந்த கேம்ல அந்த விமானம் கிடையாது, ஸ்கின் மாட்ட உடம்பு இல்ல. படம் மட்டும் வரைஞ்சு பிரிண்ட் எடுத்து, அடுத்த மாச வாடகையோட கொண்டு போய்க் கொடுக்கணும்.