மதாம் டூப்ளே: புதுச்சேரியின் கெட்ட பெயர் வாங்கிய பெண்

திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் புதுச்சேரி. அங்கே கடற்கரையில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்குச் சிலை இருக்கிறது. அவர் மனைவியை ஊர் வேறு விதமாக ஞாபகம் வைத்திருக்கிறது: வேதபுரீஸ்வரர் கோவிலை இடிக்க வைத்தவர் என்று.

யார் இந்தப் பெண்? பழைய ஆவணங்களில் இவரைத் தேடினால் முதல் சிக்கல் பெயர்தான். 1706-ல் புதுச்சேரியில் பிறந்தபோது ழான் ஆல்பெர். அப்பா பிரெஞ்சுக் கம்பெனி வைத்தியர். அம்மா ரோசா டி காஸ்ட்ரோ, போர்த்துகீசிய-இந்தியக் கலப்பு வம்சம். ஐரோப்பியப் பெண்கள் அரிதாக இருந்த அந்தக் காலத்தில் கம்பெனிக்காரர்கள் இப்படிப்பட்ட குடும்பங்களில்தான் பெண் எடுத்தார்கள். 1719-ல், 13 வயதில், கம்பெனி அதிகாரி வென்சானுக்கு மனைவி. அவர் இறந்தபின் 1741-ல் சந்திரநாகூரில் டூப்ளேயுடன் திருமணம். நவாபுகள் வட்டாரத்தில் 'ஜான் பேகம்'.

இவரைப் பற்றி நமக்கு அதிகம் சொல்வது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. அதில் 'மதாம்' லஞ்சம் வாங்குகிறார், உளவாளிகளை வைத்து ஊரை ஆட்டி வைக்கிறார், கணவர் காதில் ஓதுகிறார்.

ஆனால் எழுதியவரின் தொழிலையும் கவனிக்க வேண்டும். பிள்ளை துபாஷ். அதாவது இரண்டு மொழி தெரிந்த இடைத்தரகர். வெள்ளைக்காரருக்குத் தமிழ் தெரியாது என்பதுதான் துபாஷின் முதலீடு. கவர்னரின் மனைவிக்கே தமிழ் தெரிந்தால்? 1746-ல் தலைமை துபாஷ் கனகராய முதலி இறந்தபோது, அந்தப் பதவி ஒரு கிறிஸ்தவருக்கே போக வேண்டும் என்று மதாம் விரும்பினார். கடைசியில் பதவி கிடைத்தது பிள்ளைக்கு. ஒரே வீட்டில் இரண்டு இடைத்தரகர்கள். பகை வராமல் இருக்குமா?

அதற்காக மதாம் நிரபராதி என்று ஆகிவிடாது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த சமயத்தில், கோவில் இடிக்கப்பட்டது உண்மை. பிள்ளை நேரடியாக மதாமைக் குற்றம் சாட்டுகிறார். அதே சமயம், பக்கத்திலிருந்த சம்பா கோவில் பாதிரியார்கள் பல வருடங்களாகவே அந்த இடிப்பைக் கேட்டு வந்தவர்கள். உத்தரவு போடும் அதிகாரம் கவர்னருக்கும் அவருடைய ஆலோசனை சபைக்கும்தான் இருந்தது. ஊர் வாயில் இவர்கள் எல்லோரும் மறைந்து, பழி ஒரு பெண் தலையில் மட்டும் நின்றுவிட்டது.

1754-ல் டூப்ளேயை பிரான்சுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்த ழான் 1756-ல் பாரிசில் இறந்தார். இடித்த கோவிலுக்குப் பதிலாகப் பின்னால் வேறு இடத்தில் வேதபுரீஸ்வரர் கோவில் எழுந்தது. பிள்ளையின் நாட்குறிப்பும் 1846-ல் வெளிச்சத்துக்கு வந்து, பின்னாளில் அச்சேறியது.

பிள்ளை எழுதியது பொய் என்று தள்ள முடியாது. ஆனால் போட்டியாளர் எழுதிய கணக்குப் புத்தகத்தை மட்டும் வைத்து ஒருவருடைய ஐந்தொகையைப் போட்டுவிடலாமா?