அந்நியப் பொருளும் உடற்காப்பும்: பதிபொருட் தொற்றுப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் கிருமிகளை வென்ற வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. லிஸ்ரர் கிருமிகளைக் கொல்லும் வழியைக் காட்டினார். பிளெமிங் பெனிசிலினைக் கண்டார். பின்வந்தோர் மேலும் வலிய மருந்துகளை ஆக்கினர் என்று அவ்வரலாறு விரிகின்றது. இவ்வாறு எழுதப்படும் வரலாற்றிலே நோயாளியின் உடல் வெறும் போர்க்களமாகவே காட்சியளிக்கின்றது. அவ்வுடலும் போரிடும் ஒரு தரப்பு என்ற உண்மை பின்தள்ளப்பட்டுவிடுகின்றது. இக்குறைபாட்டினைத் தெளிவுறக் காட்டும் துறைகளுள் ஒன்று, உடலினுள்ளே பதிக்கப்படும் செயற்கைப் பொருள்களில் உண்டாகும் தொற்றுப் பற்றிய ஆய்வாகும். செயற்கை இடுப்பு மூட்டு, செயற்கை இருதய வால்வு, முறிந்த எலும்பைப் பிணைக்கும் தகடு, இருதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி முதலியன யாவும் ஈண்டு பதிபொருள் எனப்படும்.

பதிபொருட் சத்திரசிகிச்சைக்கு வழிவகுத்தவர் யோசேப்பு லிஸ்ரர் எனலாம். 1865இல் கிளாஸ்கோ நகரிலே, எலும்பு முறிந்து தோல் கிழிந்த காயங்களுக்குக் காபோலிக்கமிலத்தைப் பயன்படுத்தத் தொடங்கிய அவர், 1877இல் இலண்டனில் ஒரு நோயாளியின் முழங்கால் மூட்டைத் திறந்து, உடைந்த முழங்காற்சில்லினை வெள்ளிக் கம்பியாற் பிணைத்தார். ஊறுபடாத தோலால் மூடப்பட்டிருந்த மூட்டொன்றைத் திறப்பது உயிராபத்தை வலிந்து அழைப்பதாகக் கருதப்பட்ட காலம் அது. நோயாளி குணமடைந்தமை, உலோகத்தை உடலினுள் விட்டுவைத்தல் இயலும் என்பதற்குச் சான்றாயிற்று. எனினும் இவ்வெற்றியின் அடிப்படைக் கருத்து ஒன்றேயாம்: கிருமி காயத்தை அடையுமுன் அதனைக் கொன்றுவிடல் வேண்டும் என்பதே அது.

இதற்கு ஐந்து ஆண்டுகளின் பின்னர், வேறொரு சூழலிலே வேறொரு வினா எழுந்தது. உருசியப் பேரரசிற் பிறந்த விலங்கியலாளர் எலி மெச்னிக்கோவ், 1882இல் சிசிலித் தீவின் மெசினா நகரிலே, ஒளியூடுருவும் நட்சத்திர மீன் குடம்பியின் உடலில் ரோசா முட்களைச் செருகிவைத்தார். மறுநாட் காலையில் அசையும் கலங்கள் பல அம்முட்களைச் சூழ்ந்து நின்றதை அவர் கண்டார். உட்புகுந்த பொருளை விழுங்கி அழிக்க முயலும் இக்கலங்களே பின்னர் தின்குழியங்கள் எனப் பெயர் பெற்றன. இக்கண்டுபிடிப்பு ஓர் அந்நியப் பொருளை உடலிற் செருகியதனால் விளைந்தது என்பது மனங்கொளத்தக்கது. கிருமியை எவ்வாறு கொல்வது என்று லிஸ்ரர் வினவினார். அந்நியம் உட்புகும்போது உடல் யாது செய்கின்றது என்று மெச்னிக்கோவ் வினவினார்.

இவ்விரண்டாவது வினா சில காலம் செல்வாக்குடன் திகழ்ந்தது. 1903இல் அல்ம்ரொத் றைற்றும் அவருடன் பணியாற்றிய டக்ளசும், தின்குழியங்கள் விழுங்குதற்கு ஏற்றவாறு நுண்ணங்கிகளைப் பக்குவப்படுத்தும் பொருள்கள் குருதித் தெளியத்தில் உள்ளன எனக் காட்டினர். 1908இல் மெச்னிக்கோவும் போல் ஏளிச்சும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். முதலாம் உலகப் போரின்போது பிரான்சின் பூலோன் நகரிற் பணியாற்றிய றைற்றும் பிளெமிங்கும், ஆழமான காயங்களில் ஊற்றப்படும் கிருமிகொல்லிகள் மறைவிடங்களிலுள்ள கிருமிகளை எட்டாது, அவற்றை எதிர்க்கும் வெண்குழியங்களையே அழித்துவிடுகின்றன எனச் சுட்டிக்காட்டினர். உடலுக்கு உதவுவதாகக் கருதப்பட்ட மருந்தே உடற்காப்பிற்கு ஊறு விளைத்தல் கூடும் என்ற எச்சரிக்கை அதுவாகும்.

அவ்வெச்சரிக்கை மறக்கப்பட்டமைக்குக் காரணங்கள் இரண்டு. பிளெமிங் 1928இல் கண்ட பெனிசிலின் 1940களிற் பரவலான வழக்கிற்கு வந்தமை முதலாவதாகும். மருந்தே கிருமியை அழிக்கும் எனின் உடலின் பங்கினை ஆராயவேண்டிய தேவை குன்றிவிடுகின்றது. இரண்டாவது காரணம் பதிபொருள்களை ஆக்கியோரின் இலட்சியமாகும். போர்விமானிகளின் கண்களிற் புகுந்த பேர்ஸ்பெக்சுச் சிதறல்கள் பெரிதும் தீங்கின்றித் தங்கியிருந்தமையை அவதானித்த ஹரோல்ட் ரிட்லி, 1949இல் அப்பொருளாலான வில்லையை மனிதக் கண்ணிற் பொருத்தினார். அதே வகைப் பல்பகுதியத்தைச் சீமெந்தாகக் கொண்டு, ஜோன் சான்லி 1962இல் இங்கிலாந்தின் றைற்றிங்ரன் மருத்துவமனையிலே தமது செயற்கை இடுப்பு மூட்டினைப் பொருத்தினார். உடல் கண்டும் காணாதிருக்கும் பொருளே மிகச் சிறந்த பொருள் என்பது அக்காலத்தின் எண்ணமாயிற்று. தொற்றினைத் தடுக்கச் சான்லி நாடிய வழியும் லிஸ்ரரின் வழியே. சத்திரசிகிச்சைக் கூடத்தின் காற்றைத் தூய்மைப்படுத்தியும் ஆடைகளைத் திருத்தியும், நூற்றுக்கு ஏழு என்றிருந்த தொற்றினை ஒன்றுக்கும் கீழே அவர் கொணர்ந்தார். இது பெருஞ் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும், எஞ்சிய அச்சிறு தொகையினருக்கு நேர்ந்தது யாது என்ற வினா எஞ்சியே நின்றது.

இவ்வினாவிற்கான விடையின் முதற்பகுதி 1957இலேயே கிடைத்திருந்தது. இங்கிலாந்தில் எலெக், கொனென் என்போர் தாமாக முன்வந்தோரின் தோலிலே ஸ்ரபைலோகொக்கசு பற்றீரியாக்களைச் செலுத்தி ஆராய்ந்தனர். சீழ் உண்டாதற்குப் பல இலட்சம் பற்றீரியாக்கள் வேண்டியிருந்தன. ஆனால், தோலினுள்ளே ஒரு பட்டுத் தையல் நூல் இருப்பின் சில நூறு பற்றீரியாக்களே போதுமானவையாயின. பற்றீரியாவோ மனிதரோ மாறவில்லை. இடையே ஒரு நூல் மட்டுமே சேர்ந்திருந்தது. உடல் கண்டுகொள்ளாத பொருள் என்று ஒன்று இல்லை என்பதையும், அந்நியப் பொருளின் அருகே உடற்காப்புத் தளர்ந்துவிடுகின்றது என்பதையும் இப்பரிசோதனை உணர்த்திற்று.

இத்தளர்ச்சியின் காரணத்தை 1982இலும் 1984இலும் சுவிட்சர்லாந்தின் சிமர்லியும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வுகள் விளக்கின. கினிப்பன்றிகளின் தோலின் கீழே சிறு கூடுகளைப் பதித்தபோது, ஏறத்தாழ நூறு பற்றீரியாக்களே தொற்றினை உண்டாக்கின. அக்கூடுகளைச் சூழ்ந்த வெண்குழியங்கள் தொகையிற் குறையவில்லை. கொல்லும் ஆற்றலையே அவை இழந்திருந்தன. விழுங்கவியலாத பெரும் பரப்பொன்றை விழுங்க முயன்று, தம்மிடமுள்ள கொல்லும் பொருள்களை வீணே சொரிந்துவிட்டு, உண்மையான பகை வரும்போது அவை வெறுங்கையுடன் நிற்கின்றன. மெச்னிக்கோவ் கண்ட முள்ளின் கதையில் எழுதப்படாதிருந்த அதிகாரம் இதுவெனலாம்.

இதே காலத்தில் பற்றீரியாவின் தந்திரமும் வெளிப்பட்டது. பற்றீரியாக்கள் பரப்புகளில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பசையினுள் கூட்டமாக வாழ்கின்றன என்பதைக் கனடாவிற் பணியாற்றிய வில்லியம் கொஸ்ரேட்டன் 1978 முதல் வற்புறுத்தினார். உயிர்ப்படலம் எனப்படும் இவ்வமைப்பு, இருதயத் துடிப்புச் சீராக்கியின் கம்பியிலே 1982இற் கண்டறியப்பட்டது. 1987இல் அமெரிக்கரான அந்தனி கிரிஸ்ரினா இவற்றையெல்லாம் ஒன்றிணைத்து, பதிபொருளின் பரப்பைக் கைப்பற்ற உடற்கலங்களும் பற்றீரியாக்களும் போட்டியிடுகின்றன என விளக்கினார். முன்னையன முந்தினால் பதிபொருள் உடலோடு இணையும். பின்னையன முந்தினால் அது பகைவரின் கோட்டையாகிவிடும்.

அக்கோட்டையைத் தகர்ப்பதில் மருந்து வலுவிழந்தமை நோயாளியைப் பெரிதும் பாதித்தது. ஜேர்மனியில் புக்ஹோல்சு 1970இல் எலும்புச் சீமெந்திலே ஜென்ராமைசினைக் கலக்கும் முறையை அறிமுகப்படுத்தியிருந்தார். இம்முறை பயன் தந்ததேனும், காலப்போக்கிற் சீமெந்திலிருந்து வெளிப்படும் மருந்து குறைய, அச்சிறு அளவு எதிர்ப்புத்திறன் கொண்ட பற்றீரியாக்களுக்கு வாய்ப்பளிக்கலாயிற்று. 1959இல் வந்த மெதிசிலினுக்கு 1961இலேயே எதிர்ப்புத் தோன்றியிருந்தது. மருந்து பயனற்றுப்போகும்போது பதிபொருளை வெட்டியெடுத்தலே பலருக்கு எஞ்சும் வழியாகின்றது. பல வாரங்கள் மூட்டின்றிக் கிடந்து, மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உட்படுவோரின் துன்பம் விழுக்காடுகளிற் புலப்படுவதன்று.

இந்நிலையிலேதான் மெச்னிக்கோவின் வினா மீண்டெழுந்தது. உடல் கண்டுகொள்ளாத பொருளைத் தேடுவதை விடுத்து, உடற்காப்புடன் உரையாடும் பொருளை ஆக்குதல் இயலுமா என ஆய்வாளர் வினவலாயினர். பெருந்தின்குழியங்கள் சூழலுக்கேற்ப இயல்பு மாறுவன. ஒரு நிலையிற் கிருமிகளைக் கொல்லும், மற்றொரு நிலையிற் காயத்தை ஆற்றும். பரப்பின் கரடுமுரடு, மென்மை, அதிலிருந்து கசியும் இரசாயனப் பொருள் ஆகியன இம்மாற்றத்தைத் தூண்டவல்லன. 2009இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர், கலங்களிடையே செய்தி கொண்டுசெல்லும் புரதமாகிய இன்ரர்லியூக்கின்-12 ஐப் பதிபொருளின் மேற்பூச்சிற் சேர்த்து, எலிகளின் முறிந்த எலும்பில் தொற்றினைக் குறைத்தனர். செம்பு முதலிய உலோக அயன்களைச் சிறிது சிறிதாக வெளியிடும் பரப்புகளும் ஆராயப்படுகின்றன. பெருந்தின்குழியங்கள் தாம் விழுங்கிய பற்றீரியாக்களைக் கொல்லச் செம்பினைப் பயன்படுத்துகின்றன என்பது ஈண்டு நோக்கற்பாலது.

எனினும் இதனையும் ஒரு வெற்றிக் கதையாக எழுதிவிடுதல் பொருந்தாது. ஸ்ரபைலோகொக்கசுக்கு எதிராக ஆக்கப்பட்ட வீ710 என்னும் தடுப்பூசி, நெஞ்சறைச் சத்திரசிகிச்சை பெறவிருந்த ஏறத்தாழ 8,000 பேரிடம் பரிசோதிக்கப்பட்டு 2011இல் நிறுத்தப்பட்டது. அப்பற்றீரியாவின் தொற்றுக்கு உள்ளானோரிடையே, தடுப்பூசி பெற்றோரின் இறப்பே மிகுதியாயிருந்தது. முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை பெறுவோருக்கான வேறொரு தடுப்பூசியின் பரிசோதனையும் பயனின்மை காரணமாக 2018இற் கைவிடப்பட்டது. இவை பதிபொருளின் பரப்பை மாற்றும் முயற்சிகள் அல்லவாயினும், உடற்காப்பைத் தூண்டுவோர் அனைவர்க்கும் பொதுவான பாடத்தைத் தருவன. அளவு மிஞ்சிய தூண்டுதல் இழையங்களையே சிதைக்கும். எலியிற் கண்ட நன்மை மனிதரிற் கிட்டுமென்ற உறுதியுமில்லை.

தொகுத்து நோக்கின், இவ்வரலாறு ஒரு கருத்து தோற்று மற்றொன்று வென்ற வரலாறன்று. உடலின் பங்கு பற்றிய கருத்து பொய்ப்பிக்கப்பட்டமையால் மறைந்ததன்று. மருந்துகள் வெற்றியளித்த காலத்தில் அதற்குத் தேவை இல்லாதொழிந்தமையாலேயே அது ஒதுக்கப்பட்டது. 1957இல் வெளியான முடிவு, அதன் காரணம் தெளிவாகும்வரை கால் நூற்றாண்டு காத்திருந்தது. லிஸ்ரரின் தூய்மையும் சான்லியின் தூய காற்றும் இன்றும் இன்றியமையாதன. அவற்றைக் கடந்து எஞ்சும் தொற்றிலேயே மெச்னிக்கோவின் வினா உயிர்பெறுகின்றது. கைவிடப்பட்ட வினாக்களையும் பதிவுசெய்து வைத்தல் அறிவியல் வரலாற்றாசிரியரின் கடமை என்பதற்கு, மெசினாவில் ஒரு குடம்பியிற் செருகப்பட்ட ரோசா முள் தக்க சான்றாகும்.