பூந்தமல்லிப் பதிவேட்டில் பெயரில்லாத தாய்

ஆவடிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பஸ் மாறுகிறவர்களால் நெரியும் பூந்தமல்லி, 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் ஊர். ஜார்ஜ் கோட்டையிலிருந்து மேற்கே சுமார் 13 மைல். கப்பலில் வந்து இறங்கிய புதுச் சிப்பாய்களை இங்கேதான் கொண்டுவந்து தங்கவைத்தார்கள். நோயில் விழுந்தவர்களும், ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்தவர்களும் இங்கிருந்த படை டெப்போவில்தான் நாள் கழித்தார்கள்.

பட்டாளம் இருந்தால் பாதிரியார் உண்டு. பாதிரியார் இருந்தால் பதிவேடு உண்டு. மதராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தில் ‘என்/2’ என்ற வரிசையில் இன்றும் அவை இருக்கின்றன. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், அவனுடைய பட்டாளம், பதவி எல்லாம் எழுதியிருக்கும். தாய் இந்தியப் பெண் என்றால், பழைய பதிவுகள் பலவற்றில் அவள் பெயருக்கான இடம் காலி. அல்லது ‘சுதேசிப் பெண்’ என்று மட்டும் இருக்கும்.

சட்டைக்காரர் என்று நம் ஊரில் அழைக்கப்பட்ட ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பலவற்றில் யாரும் வாயே திறக்காத மூதாட்டி இவள்தான். அயர்லாந்திலிருந்து வந்த பாட்டனாரைப் பற்றிக் கேட்டால் ஊர் பேர் வரை சொல்வார்கள். அவர் யாரைக் கட்டினார் என்றதும் பேச்சு மாறும். ‘போர்த்துகீசிய வம்சம்’ என்று ஒரு பதில் வரும், அதற்கு மேல் வராது.

இதற்காக அந்த வீடுகளைக் குறை சொல்வது நியாயமில்லை. 1687-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள் மதராஸுக்கு எழுதிய கடிதம், தங்கள் சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவித்தது. பிறக்கும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் தரலாம் என்றது. நூறு வருஷத்தில் எல்லாம் தலைகீழ். 1786-இல், தகப்பனை இழந்த கலப்புப் பிள்ளைகள் படிப்புக்காக இங்கிலாந்து போகத் தடை வந்தது. 1791-இல், பெற்றோரில் ஒருவர் இந்தியர் என்றாலே கம்பெனியின் உயர் பணிகளுக்குக் கதவு அடைபட்டது. 1795-இல் பட்டாளத்தில் அவர்களுக்கு மிஞ்சியது குழல், முரசு, பேண்டு, குதிரை லாடம் ஆகிய வேலைகள்தான். தாயின் பெயரைச் சொன்னால் பிள்ளையின் சோறு போகும் என்ற நிலை. அவளை மறைத்தவர்கள் பிழைப்புக்காக மறைத்தார்கள்.

சுதந்திர இந்தியாவின் சட்டமும் அவளைத் தேடவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 366(2) பிரிவு, ஆங்கிலோ இந்தியர் யார் என்பதைத் தகப்பன் வழியை மட்டும் வைத்தே வரையறுக்கிறது.

தாயை மறைப்பது சிப்பாய் வீடுகளில் மட்டும் நடந்ததல்ல. ஹைதராபாத்தில் கம்பெனியின் ரெசிடென்டாக இருந்த ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக், கைருன்னிசாவை மணந்தார். 1805-இல் அவர்களுடைய இரு பிள்ளைகளும் மதராஸிலிருந்து கப்பலேற்றப்பட்டார்கள். புறப்படும் முன் ஜார்ஜ் சின்னரி அவர்களை ஓவியமாகத் தீட்டினார். இங்கிலாந்தில் அவர்களுக்கு இந்திய உறவோடு கடிதப் போக்குவரத்தே கூடாது என்றாயிற்று. மகள் கிட்டி மறக்கவில்லை. தாய் 1813-இலேயே இறந்துபோயிருந்தாலும், 1840-களில் ஹைதராபாத்தில் உயிரோடு இருந்த பாட்டியைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினாள். பாட்டியும் பதில் எழுதினாள். முப்பது வருஷத்துக்கும் மேலாகக் காத்திருந்த கடிதங்கள் அவை.

சூரத்தில் வாழ்ந்த எலைசா கீவார்க்கின் கதை வேறு விதம். ஸ்காட்லாந்து வணிகர் தியோடர் ஃபோர்ப்ஸுடன் வாழ்ந்தவள். அவளை ஆர்மீனியப் பெண் என்றே சந்ததியார் சொல்லிவந்தார்கள். 2013-இல் அவளுடைய பெண் வழி வாரிசுகளின் டி.என்.ஏ.வைச் சோதித்தபோது, தாய்வழியாக மட்டுமே இறங்கும் மைட்டோகாண்ட்ரியாவில் தெற்காசிய மரபு தெரிந்தது. அந்தப் பெண் வழியில் பிறந்தவர் இளவரசி டயானா. ஆக, அவர் மகன் இளவரசர் வில்லியமுக்கும் எலைசா மூதாட்டி. பதிவேடும் சட்டமும் தகப்பனையே பிடித்துக்கொண்டு போக, உடம்பு மட்டும் தாயைக் கைவிடாமல் வைத்திருக்கிறது. இந்தத் தேடலில் மனத்தை அசைக்கும் உண்மை இது.

அரச குடும்பத்து டி.என்.ஏ. செய்தியாகிறது; பூந்தமல்லிச் சிப்பாயின் மனைவிக்குக் காகிதத்தைத்தான் நம்ப வேண்டும். அவளை நேராகத் தேடினால் கிடைக்க மாட்டாள். அவனைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். கம்பெனிச் சிப்பாய் என்றால் அவன் எந்த ஆண்டு, எந்தக் கப்பலில் வந்தான் என்பது படைப் பட்டியல்களில் கிடைக்கும். உயில் எழுதியிருந்தால் அதைப் படிக்க வேண்டும்: பதிவேட்டில் ஒதுக்கப்பட்டவளுக்கு உயிலில் சில சமயம் பணமும் உண்டு, பெயரும் உண்டு. திருமணப் பதிவில் குடும்பப் பெயர் இல்லாமல் வெறும் ‘மேரி’, ‘அன்னா’ என்று வந்தால், மதம் மாறி மணந்த உள்ளூர்ப் பெண்ணாக இருக்கலாம். 1998-இல் பிரிட்டனில் தொடங்கிய ‘பிரிட்டிஷ் இந்தியாவில் குடும்பங்கள்’ சங்கத்தின் தொண்டர்கள் இத்தகைய பதிவுகளுக்கு அட்டவணை தயாரித்து இலவசமாகப் பார்க்கத் தருகிறார்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் ‘அவள் யார், என்ன சாதி’ என்று ஆரம்பித்தால் கதவு சாத்தப்படும். ‘எந்தக் கோயிலில் கல்யாணம் நடந்தது, எந்தக் கல்லறையில் வைத்தார்கள்’ என்று கேட்டால் பலர் சொல்வார்கள். அடுத்துப் பார்க்க வேண்டியது அந்தக் கோயிலின் பதிவேடு.

(தொடரும்)