அரை மணி நேர எல்லை

திரேஸ்புரத்துல இருந்து ஓபிக்கு வர்ற, சங்கு குளிக்கிற அண்ணன் ஒருத்தர்கிட்ட "பிரஷர் மாத்திரையைக் காலையில 8 மணிக்குப் போடுங்க"ன்னேன். "எட்டு மணிக்கு நான் தண்ணிக்குள்ள கிடப்பேன் டாக்டர்"னு சிரிச்சார். படகு ஏறுறதுக்கு முன்னாடி போடுற மாதிரி மாத்தி எழுதினேன். நேரத்தை யார் முடிவு பண்றாங்கன்னு அன்னைக்கு வந்த யோசனைதான் இந்த இழை.

முத்துக்குளிப்பு நடந்த காலத்துல மன்னார் வளைகுடாவின் ரெண்டு கரையிலும் காற்றும் சூரியனும்தான் கடிகாரம். நள்ளிரவு தாண்டிக் கரைக்காற்றில் படகு கிளம்பும். சூரியன் எழுந்ததும் முங்கத் தொடங்குவாங்க. மதியம் கடல்காற்று எழும்பினா கரைக்குத் திரும்பிடுவாங்க.

அப்புறம் ரயில் வந்துச்சு. தூத்துக்குடிக்கு 1876ல். ரயில் கணக்கு மெட்ராஸ் நேரம். 1906 ஜனவரி 1ல் இந்திய நேரம் வந்தப்ப அதைவிட சுமார் 9 நிமிடம் முன்னே போனோம். இன்னைக்கும் நம்ம ஊர்ல சூரியன் உச்சிக்கு வர சராசரியா 12:17 ஆகுது, கவனிச்சிருக்கீங்களா? இலங்கையும் 1906லயே அதே ஐந்தரை மணி நேரக் கணக்குக்கு வந்துடுச்சு. இரண்டாம் உலகப்போர் காலத்தை விட்டுட்டுப் பார்த்தா, ரெண்டு கரைக்கும் ஒரே மணி.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். 1996 மே மாதம். இலங்கையில் மழை இல்லை, நீர்மின்சாரம் படுத்துடுச்சு. மாலை வெளிச்சத்தைப் பயன்படுத்தி மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. கொழும்புல உச்சி வெயில் 1:10க்கு! அக்டோபர்ல அரை மணி நேரம் பின்வாங்கி, ஆறு மணி நேரக் கணக்குல நின்னாங்க.

ஆனா புலிகள் கட்டுப்பாட்டுல இருந்த பகுதிகள் இதை ஏத்துக்கல. பழைய நேரமே அங்க ஓடுச்சு. அதனால போர்நிறுத்தக் காலத்துல, நம்மகிட்ட இருந்து நேர்கோட்டுல 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிளிநொச்சியின் மணியும் திரேஸ்புரத்தின் மணியும் ஒண்ணு. கிளிநொச்சிக்குப் பக்கத்து ஊரான வவுனியாவின் மணி வேற.

2002 ஏப்ரல்ல ஏ9 சாலை திறந்ததும் ஜனங்க ஓமந்தைச் சோதனைச் சாவடி வழியா போய் வந்தாங்க. சாவடியைத் தாண்டினா கைக்கடிகாரத்துல அரை மணி மாத்தணும். டாக்டரா எனக்கு உடனே தோணுறது இதுதான்: வவுனியா ஆஸ்பத்திரியில 8 மணிக்கு வரச் சொன்னா, கிளிநொச்சிக்காரருக்கு அது 7:30. மறந்தா டோக்கன் போச்சு. சூரியன் மட்டும் ரெண்டு ஊர்லயும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துலதான் உதிக்கும்.

கொழும்புப் பக்கமும் நிம்மதி இல்லை. ஜனவரியில் சூரியன் உதிக்கவே கிட்டத்தட்ட 7 மணி ஆகும். பிள்ளைங்க இருட்டுல பள்ளிக்கூடம் கிளம்பணும். (நம்ம உடம்போட உள்கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுறது, அரசாணையைப் பார்த்து இல்லை.) கடைசியில 2006 ஏப்ரல், புத்தாண்டை ஒட்டி, அரசு பழைய நேரத்துக்கே திரும்பியது.

பத்து வருஷம் கழிச்சு கொழும்பு, வவுனியா, கிளிநொச்சி, திரேஸ்புரம் எல்லாத்துக்கும் ஒரே மணி. அதே வருஷம் ஆகஸ்ட்ல சண்டை மூண்டு, முகமாலையில ஏ9 சாலையை அடைச்சுட்டாங்க.