செட்டிநாட்டு வீடுகளும் சீர்திருத்தமும்

பழைய வீட்டைப் புதுப்பிக்கப் புகுவோர் எதனைக் காத்தல் வேண்டும், எதனைக் களைதல் வேண்டும் என்னும் வினா கொத்தனாருக்கு மட்டும் உரியதன்று. அது குடும்பத்திற்கும் உரியது; குடும்பங்களாலாகிய சமூகத்திற்கும் உரியது. இவ்வினாவிற்கு விடை தேடுவோர்க்குத் தமிழகத்தில் செட்டிநாட்டினும் ஏற்ற இடம் காண்டல் அரிது.

காரைக்குடியைச் சூழ்ந்த எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் எழுப்பிய பெருவீடுகள் ஆயிரக்கணக்கில் இன்றும் நிற்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1940களின் தொடக்கம் வரையில் எழுந்தவை அவை. அவற்றை எழுப்பிய பொருள் அவ்வறண்ட மண்ணில் விளைந்ததன்று. பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் நடந்த கொடுக்கல் வாங்கலில் ஈட்டியது. பினாங்கிலும் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கி அமைத்து, கடைக்காரர்க்கும் ரப்பர் பயிரிட்டோர்க்கும் கடன் கொடுத்து, வந்த வட்டியை ஊருக்கு அனுப்பினர். ஆகவே அவ்வீடுகளின் தேக்குத் தூண்களில் பர்மிய உழவனின் வியர்வையும் மலாயாப் பாட்டாளியின் வியர்வையும் கலந்துள்ளன என்று நாம் கூறின், அது மிகையாகாது. அவ்வீடுகளின் வரலாறு நமக்கும் உரிய வரலாறே.

அச்செல்வம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1930இல் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை வீழ்ந்தது. கடனைத் திருப்ப இயலாத பர்மிய உழவரின் நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்தம் நிலவுடைமை, 1938க்குள் ஏறத்தாழ 25 பங்காயிற்று. கையிலிருந்த பணம் மண்ணாக மாறியது. மக்களின் வெறுப்பும் வளர்ந்தது. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பு வந்தது. விடுதலைபெற்ற பர்மா 1948இல் நிலத்தையும் 1963இல் வங்கிகளையும் நாட்டுடைமையாக்கிற்று. வருவாய் வற்றவே பெருவீடுகள் பூட்டப்பட்டன. திருமணத்திற்கும் முன்னோர் படைப்பிற்கும் மட்டும் கதவு திறக்கும் வீடுகள் பலவாயின.

நிற்க. அவ்வீடுகளின் தன்மை யாது? முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, சமையற்கட்டு என ஒன்றன்பின் ஒன்றாக ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் நெடிய அமைப்பு அது. தலைவாயிலில் நின்று நோக்கின் கொல்லைப்புற வாயில் வரையில் பார்வை தடையின்றிச் செல்லும். பார்வை செல்லும் வழியே காற்றும் செல்லும். திறந்த முற்றம் வெப்பத்தை மேலே போக்கி வெளிச்சத்தை உள்ளே தரும். முற்றத்தை நோக்கிச் சரிந்த ஓடுகள் மழைநீரை ஒன்றுசேர்த்துத் தரும். வளவைச் சுற்றி, மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை. கூரை ஒன்றாயினும் உலையும் கணக்கும் தனித்தனி. இதனை ‘வேறு வைத்தல்’ என்பர். சேர்ந்திருந்தும் தனித்திருக்க வகைசெய்த இவ்வமைப்பே அவ்வீட்டின் உயிர் என்பது நம் கருத்து.

தூய பழமையே அதன் உயிர் என்பாரும் உளர். அவர் அவ்வீட்டின் பொருள்களை உற்று நோக்குவாராக. மரம் பர்மாவினது, பளிங்கு இத்தாலியினது, சுவரோடுகள் ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவை. ஆத்தங்குடித் தரைக்கல்லும் தொன்மையானதன்று. உள்ளூர் மணலோடு சிமெந்தும் வண்ணப்பொடியும் சேர்த்துக் கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்து, சூளையிலிடாமல் நீரில் ஊறவைத்து ஆக்குவது. அக்காலத்தில் புதியன யாவும் அவ்வீட்டிற்குள் நுழைந்தன. எனவே இன்று மின்விளக்கும் குளியலறையும் நுழைவதால் மரபு கெட்டுவிடாது. பக்கத்து இருட்டறையொன்றைக் குளியலறையாக்கலாம். முற்றத்தைக் கூரையிட்டு மூடுதல் ஆகாது. மூடின் வெளிச்சமும் காற்றும் போம், வீடு வெறுங்கூடாகும்.

பூச்சிலும் இங்ஙனமே. நீற்றிய சுண்ணாம்பை நாள்பட ஊறவைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் சேர்த்துப் பூசி, இறுதிப் பூச்சில் முட்டை வெண்கருவைக் கலந்து, கூழாங்கல்லால் மெருகேற்றுவது செட்டிநாட்டு முறை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளிவிடும். அதன்மேல் சிமெந்து பூசின் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல் உதிரும். விரைவும் சிக்கனமும் கருதிச் செய்த பழுதுபார்ப்பே வீட்டைப் பழுதாக்குகிறது. இதனை உணர்ந்து செய்தாரும் உளர். கொத்தமங்கலத்தில் 1910இல் எழுந்த சாரதா விலாசத்தை மிஷேல் அத்மான், பெர்னார் திராகோன் என்னும் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் இருவர் புதுப்பித்து விருந்தினர் இல்லமாக்கினர். 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்குரிய உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

இனிக் களையத்தக்கது யாது? வந்தவனின் சாதியைப் பார்த்துத் திண்ணையோடு நிறுத்திய வழக்கம் அக்காலத்துப் பெருவீடுகளில் எங்கும் இருந்தது. முகப்பு ஆடவர்க்கு, பின்கட்டு மகளிர்க்கு என்னும் பிரிவினையும் இருந்தது. திண்ணையைக் காப்போம், திண்ணையோடு நிறுத்துதலைக் காக்க வேண்டுவதில்லை. பின்கட்டைக் காப்போம், பெண்டிரைப் பின்கட்டில் வைத்தலைக் காக்க வேண்டுவதில்லை.

எல்லாவற்றினும் பெரிது உரிமை. மூன்று நான்கு தலைமுறைகளில் ஒரு வீட்டிற்குப் பங்காளிகள் பலர் ஆகின்றனர். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். அனைவரும் இசைந்தாலன்றி ஓடு மாற்றவும் வழியில்லை. இசைவு முறிந்தால் வீடு இடிபடுகிறது. தூணும் கதவும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. கானாடுகாத்தானில் ஒரு தந்தை தம் மகளுக்கென்று 1930களில் ‘விசாலம்’ என்னும் இல்லத்தைக் கட்டினார். அத்தகையோர் அரியர். சீர்வரிசை மகளுக்கு, வீடு மகனுக்கு என்பதே பொது வழக்கம். பெண்ணுக்கும் சம சொத்துரிமை வேண்டுமெனச் சுயமரியாதையாளர் 1929இல் செங்கற்பட்டு மாநாட்டில் தீர்மானித்தனர். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமோ மகளுக்குப் பங்கு தந்தும், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரையில் குடியிருப்பு வீட்டில் தன் பங்கைப் பிரித்துத் தருமாறு அவள் கேட்கலாகாது என்று 23ஆம் பிரிவில் தடுத்தது. தமிழ்நாடு 1989இல் மகளையும் பிறப்புரிமைப் பங்காளியாக்கிற்று; 23ஆம் பிரிவு 2005இல்தான் நீங்கியது. செங்கற்பட்டிலிருந்து அவ்வாசற்படி வரையில் வந்துசேர 76 ஆண்டுகள் ஆயின!

பங்கு கூடினால் வீடு சிதையும் என்று அஞ்சுவோர் உளர். பங்கு கூடுதலால் அன்று, பங்காளிகள் கூடிப் பேசாமையாலேயே வீடு சிதைகிறது. உரிமையை எழுத்தில் தெளிவாக்கி, பழுதுபார்க்கும் செலவிற்கு ஒரு பொதுநிதி வைத்து, பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அதன் பிறகே சுண்ணாம்பைக் குழைத்தல் வேண்டும்.

‘எமக்கு ஏது பெருவீடு?’ என்று இம்மலையின் தேயிலைத் தோட்டத்தார் வினவலாம். லயத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. அங்கே மூன்று தலைமுறை பிறந்திருந்தும் ஒரு சுவரையேனும் நமதென்று கூற இயலாது. ஆயினும் சேமநிதியைக் கொண்டு தாப்பாவிலோ ஈப்போவிலோ சிறு வீடொன்றை வாங்குவோர் இன்று நம்மிடையே உளர். நாளை அதுவே ஒரு குடும்பத்தின் பழைய வீடாகும். வாங்கும் நாளிலேயே பத்திரத்தில் மனைவியின் பெயரும் ஏறட்டும். மகளுக்கும் மகனுக்கும் உரிய பங்கு உயிலில் விளங்க நிற்கட்டும். வெயிலும் காற்றும் புகச் சிறிது இடம் பின்புறத்தில் திறந்திருக்கட்டும். செட்டிநாட்டார் பெரும்பொருள் இழந்து கற்ற பாடத்தை நாம் சிறுபொருளோடு கற்றுக்கொள்வோமாக.