ஆற்காட்டுக் குதிரைப்படையும் வறண்ட சீமையின் கிஸ்திப் பணமும்

நம் வீரசோழன், நரிக்குடி, திருச்சுழி பக்கம் குதிரை என்றால் சட்டென்று நினைவுக்கு வருவது அய்யனார் கோயில் மண்குதிரைதான். புரவி எடுப்பு அன்றைக்கு ஊரே சேர்ந்து தோளில் சுமந்து வரும் குதிரை. உயிருள்ள குதிரை இங்கே அபூர்வம். பருத்தியும் மிளகாயும் விளையும் மானாவாரி பூமி, கண்மாய் பெருகினால் கொஞ்சம் நெல், மற்றபடி சீமைக்கருவேல். இதில் குதிரைக்குப் புல்லுக்கும் கொள்ளுக்கும் எங்கே போவது?

ஆனாலும் இந்த வறண்ட சீமைக்கும் ஒரு புகழ்பெற்ற குதிரைப்படைக்கும் பழைய தொடர்பு ஒன்று இருக்கிறது. இன்று இந்திய ராணுவத்தில் டாங்கிப் படையாக இருக்கும் 16-வது லைட் கேவல்ரிதான் அது. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையை (1773) விட்டுவிட்டால், இந்தியக் கவசப் படையின் ரெஜிமென்ட்டுகளில் மிகப் பழையது இதுதான். அது பிறந்த இடம் பஞ்சாபோ ராஜஸ்தானோ அல்ல, நம் ஆற்காடு! அதன் பிறப்பையும் வம்சாவளியையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

நவாபின் படை

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் ஆட்சியில் பிறந்தது இந்தப் படை. அதன் பிறந்த ஆண்டாக 1776 சொல்லப்படுகிறது. அப்போது அதன் பெயர் நவாபின் 3-வது குதிரைப்படை ரெஜிமென்ட். வீரர்கள் நவாபின் ஆட்கள், அதிகாரிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் வெள்ளைக்காரர்கள். சம்பளம் கொடுக்க வேண்டியவர் நவாப்.

குதிரைப்படை வைத்திருப்பது தமிழ்நாட்டில் எப்போதுமே செலவு பிடித்த காரியம். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை இறங்குவதையும், இங்கே வந்தபின் அவை சரியான பராமரிப்பு இல்லாமல் செத்துப் போவதையும் எழுதியிருக்கிறார். 500 ஆண்டு கழித்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. நல்ல குதிரையை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். கொள்ளு, லாயம், லாடம், குதிரைக்காரன், புல் அறுப்பவன் என்று ஒரு சவாருக்குப் பின்னால் செலவு நீண்டுகொண்டே போகும்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? நவாபிடம் சொந்தமாக இல்லை. சேப்பாக்கம் அரண்மனையில் இருந்துகொண்டு கம்பெனி அதிகாரிகளிடமும் வட்டிக்காரர்களிடமும் கடன் வாங்கிக் குவித்தவர் அவர். அந்தக் கடன் விவகாரம் இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை போய், 1785-ல் எட்மண்ட் பர்க் அதைப் பற்றியே தனியாக நீண்ட உரை ஆற்றினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடனுக்கு ஈடாக நவாப் காட்டியது தன் சீமைகளின் வரியை. திருநெல்வேலி, மதுரை பாளையங்களும், இராமநாதபுரமும் சிவகங்கையும் கட்டிய கப்பமும் அதில் அடக்கம். நம் திருச்சுழிப் பக்கம் சேதுபதிகளின் இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்தது. 1772-ல் நவாபின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து வந்து இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தன. அதே ஆண்டு ஜூனில் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். இரண்டு சீமைகளும் நவாபின் கைக்குப் போயின. நான்கே ஆண்டில் அந்தக் குதிரைப்படை உருவாகிறது. கண்மாய் வற்றிய ஆண்டிலும் கட்டிய கிஸ்தியின் ஒரு பங்கு ஆற்காட்டுக் குதிரைக்குக் கொள்ளாகப் போயிருக்கும் என்று நினைப்பதில் தவறில்லை.

சோளிங்கரும் ஆரணியும்

1780-ல் ஹைதர் அலி கர்நாடகச் சீமைக்குள் நுழைந்ததும் இரண்டாம் மைசூர்ப் போர் தொடங்கியது. நவாபின் குதிரைப்படைகள் கம்பெனிக்கு இரவல் கொடுக்கப்பட்டன. 1781 செப்டம்பர் 27-ல் சோளிங்கரில் சர் அயர் கூட்டின் படை ஹைதரோடு மோதியது. நம் 3-வது ரெஜிமென்ட்டும் அங்கே இருந்தது. ‘சோளிங்கர்’ என்ற போர் விருதுப் பெயர் இன்றும் அந்தப் படையின் பட்டியலில் நிற்கிறது. மலைமேல் யோக நரசிம்மர் இருக்கும் அதே சோளிங்கர்தான்.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையின் திருப்புமுனை. 1784-ல் போர் முடிந்து நவாபின் குதிரைப்படைகள் நிரந்தரமாகக் கம்பெனிக்கு மாற்றப்பட்டன. ஆனால் வீரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி இருந்தது. நவாப் தரவில்லை. எஜமான் மாறிவிட்டால் பழைய பாக்கியை யாரிடம் கேட்பது? ஆரணியில் முகாமிட்டிருந்த ரெஜிமென்ட்டுகள் கலகத்தில் இறங்கின. நான்கில் மூன்று கலகம் செய்தன. 3-வது ரெஜிமென்ட் மட்டும் சேரவில்லை. கலகம் அடக்கப்பட்டது. கலகம் செய்த மூன்றும் கலைக்கப்பட்டன. 3-வது மட்டும் பிழைத்து, கம்பெனியின் மதராஸ் ராணுவத்தில் சேர்ந்தது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கேட்டது செய்த வேலைக்குக் கூலி. கேட்டவர்களின் படை வரலாற்றிலிருந்தே போய்விட்டது. கேட்காமல் இருந்தவர்களின் படைதான் இன்று ‘மிகப் பழைய ரெஜிமென்ட்’ என்ற பெருமையோடு நிற்கிறது.

பெயர் மாற்றங்கள்

கம்பெனிக்கு வந்தபின் வரிசை எண்கள் சில முறை மாறி, 1788-ல் இது மதராஸின் 2-வது குதிரைப்படை ரெஜிமென்ட் ஆனது. திப்பு சுல்தானுக்கு எதிரான போர்களில் கலந்துகொண்டு ‘மைசூர்’, ‘ஸ்ரீரங்கப்பட்டணம்’ என்ற விருதுகளைப் பெற்றது. பிறகு பெயர் இப்படி மாறிக்கொண்டே வந்தது: 2-வது மதராஸ் லைட் கேவல்ரி; 1886-ல் ஈட்டி ஏந்தும் படையாகி 2-வது மதராஸ் லான்சர்ஸ்; 1903-ல் கிச்சனர் பிரபு இந்திய ராணுவம் முழுவதற்கும் புதிய எண் கொடுத்தபோது 27-வது லைட் கேவல்ரி; 1922-ல் 16-வது லைட் கேவல்ரி. 1903-ல் ‘மதராஸ்’ என்ற சொல்லே பெயரிலிருந்து போய்விட்டது.

ஒரு காலத்தில் மதராஸ் ராணுவத்தில் 8 லைட் கேவல்ரி ரெஜிமென்ட்டுகள் இருந்தன. 1857-ல் வங்காளத்துக்குப் போகச் சொன்னபோது 8-வது ரெஜிமென்ட் தன் குறைகளைச் சொல்லி மறுத்தது. அது கலைக்கப்பட்டது. 1860-ல் 5, 6, 7 கலைக்கப்பட்டன. 1891-ல் 4-வதும் போயிற்று. மிஞ்சியவை மூன்று. அவைதான் இன்றைய 7, 8, 16 லைட் கேவல்ரிகளின் முன்னோர்கள். இதில் 7-வது, 1948 நவம்பர் 1-ல் காஷ்மீரின் ஜோஜி லா கணவாய்க்கு, 11,000 அடிக்கும் மேலான உயரத்துக்கு, டாங்கிகளை ஏற்றிப் போரிட்ட படை.

இந்த மூன்றுக்கும் இன்னொரு தனித்தன்மையும் உண்டு. வடக்கே பெரும்பாலான குதிரைப்படைகளில் சில்லாதார் முறை இருந்தது. அதாவது வீரனே குதிரைக்கும் தளவாடத்துக்கும் பணம் போட வேண்டும், அதற்கேற்ப சம்பளம் கூட. மதராஸ் படைகளில் குதிரை சர்க்காருடையது. கையில் காசில்லாதவனும் சவார் ஆகலாம்.

தெற்கத்தியானே இல்லாத தெற்கத்திப் படை

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘போர்க்குணம் உள்ள இனங்கள்’ என்ற கொள்கை வந்தது. 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், பிறகு இந்தியா முழுவதற்கும் தளபதியானவர், தெற்கத்தியர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் படைகளில் நம்மூர் ஆட்களின் இடத்தைப் பஞ்சாப், ராஜஸ்தான் பக்கத்து ஆட்கள் பிடித்தார்கள். ஆற்காட்டில் பிறந்த படையில் ஆற்காட்டுக்காரன் இல்லை. ஹைதரோடும் திப்புவோடும் மோதியவர்களின் பேரன்களைப் பார்த்து ‘உனக்கு வீரம் இல்லை’ என்று சொன்ன கொடுமையை என்னவென்பது!

1923-ல் இந்தியர்களையே அதிகாரிகளாக்கும் சோதனைக்கு 8 படைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. குதிரைப்படையில் 7-வதும் 16-வதும் அதில் இடம் பெற்றன. இரண்டாம் உலகப் போரில் 16-வது குதிரைகளை விட்டுக் கவச கார்களுக்கு மாறியது. 1945-ல் பர்மாவில் 255-வது டாங்கி பிரிகேடோடு மெய்க்டிலாவில் போரிட்டு ரங்கூன் சாலையில் முன்னேறியது. அப்போது அதன் கமாண்டர் ஜே.என். சௌத்ரி. பின்னாளில் (1962-66) இந்தியாவின் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தவர் இவர்தான்.

1946-ல் இந்தப் படையின் ஆள்சேர்ப்பு மறுபடி தென்னிந்தியர்கள் பக்கம் திருப்பப்பட்டது. மறுவருடம் பிரிவினையின்போது குதிரைப்படைகளும் பங்கு பிரிக்கப்பட்டன. 16-வது இந்தியாவுக்கு வந்தது. 1965 போரில் சியால்கோட் முனையில் செஞ்சூரியன் டாங்கிகளோடு 1-வது கவச டிவிஷனில் நின்றது. ‘லாயக்கில்லை’ என்று ஒதுக்கப்பட்டவர்கள் தங்கள் பழைய வீட்டுக்குத் திரும்பி வந்து கொடுத்த பதில் என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

1801: குதிரைகள் இந்தப் பக்கம் வந்தபோது

இப்போது மறுபடி நம் சீமைக்கு வருவோம். 1792 ஒப்பந்தத்தில் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையை நவாபிடமிருந்து கம்பெனி வாங்கிக்கொண்டது. படையும் கம்பெனிக்கு, படைக்கான வரியும் கம்பெனிக்கு. கப்பம் கட்ட மறுத்த கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பிவந்து பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பினார். மார்ச் 31-ல் கம்பெனியின் தாக்குதல் தோற்றது. மே 24-ல் கர்னல் அக்னியூ கோட்டையைப் பிடித்தார். இந்தப் போரில் லெப்டினன்ட் ஜேம்ஸ் கிராண்ட் தலைமையில் சென்னை ஆளுநரின் மெய்க்காவல் குதிரைப்படை, நீண்ட ஈட்டி பிடித்த பாஞ்சாலங்குறிச்சி வீரர்களோடு மோதியது. அதுவும் மதராஸ் குதிரைப்படைக் குடும்பத்தில் ஒன்றுதான், 1947-ல் கலைக்கப்பட்டது.

அதன்பின் போர் வடக்கே நகர்ந்தது. ஊமைத்துரை மருது சகோதரர்களிடம் போனார். பாஞ்சாலங்குறிச்சியையும் சிவகங்கையையும் வரைபடத்தில் ஒரு கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி, வீரசோழன் வட்டாரம் நடுவில் கிடக்கும். அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள், நவம்பர் 16-ல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை என்று தூக்கு மேடையில் அந்தப் போர் முடிந்தது. அதற்கு முன்பே ஜூலை 31-ல் நவாபின் ஆட்சியும் முடிந்துவிட்டது. எந்தச் சீமையின் கிஸ்தி குதிரைக்குக் கொள்ளானதோ, அந்தச் சீமையின் மேலேயே குதிரைகள் ஏறின.

வம்சாவளி என்பது என்ன?

ஒரு ரெஜிமென்ட்டின் வம்சாவளியைப் பார்த்தால் எதுதான் மாறாமல் இருந்தது என்ற கேள்வி வருகிறது. எஜமானர்கள் மாறினார்கள்: நவாப், கம்பெனி, பிரிட்டிஷ் அரசு, இந்தியக் குடியரசு. பெயர் மாறியது, ஆட்கள் மாறினார்கள், குதிரை போய் டாங்கி வந்தது. மாறாதது ஒன்றுதான். எந்த எஜமான் காலத்திலும் அந்தப் படை கலைக்கப்படவில்லை. ஏனென்றால் அது கீழ்ப்படிந்தது.

ஆக, ரெஜிமென்ட் வம்சாவளி என்பது கீழ்ப்படிந்தவர்களின் வரலாறு. 1784-ல் ஆரணியில் சம்பளம் கேட்டவர்களுக்கும், 1857-ல் போக மறுத்தவர்களுக்கும் அதில் கிளை இல்லை. எதிர்த்தவர்களை நினைவில் வைத்திருப்பது வேறொரு பட்டியல். அது கும்மிப் பாட்டிலும் கதைப்பாடலிலும் இருக்கிறது. கட்டபொம்மனுக்கும் ஊமைத்துரைக்கும் மருதுவுக்கும் ரெஜிமென்ட் கொடி இல்லை, ஆனால் ஊர் ஊராகப் பாட்டு இருக்கிறது.

இதற்காக 16-வது லைட் கேவல்ரியைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். மெய்க்டிலாவிலும் சியால்கோட்டிலும் உயிர் கொடுத்தவர்களின் வீரம் உண்மையானது. இன்றைக்கு அது மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் படை, அதன் கீழ்ப்படிதலுக்கு இன்று வேறு அர்த்தம். நான் சொல்ல வருவது இதுதான்: வரலாற்றைப் படிக்கும்போது அந்தப் பட்டியலையும் இந்தப் பாட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்றை மட்டும் படித்தால் பாதி வரலாறுதான் கிடைக்கும்.

அடுத்த முறை புரவி எடுப்பில் மண்குதிரையைப் பார்க்கும்போது, நம் முன்னோர்கள் கிஸ்தி கட்டி வளர்த்த அந்த ஆற்காட்டுக் குதிரைகளையும், ஆரணியில் சம்பளம் கேட்டுக் காணாமல் போன பெயர் தெரியாத சவார்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம்.